வால்வு ஏன் பாட்டிலைத் துப்பினாள்

செவ்வாய்க்கிழமை மடமடவென்று குடித்த பிள்ளை, புதன்கிழமை அதே பாட்டிலைக் கண்டதும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. வியாழக்கிழமை மறுபடி குடித்தது. வெள்ளிக்கிழமை எதிரில் இருந்த எல்லோருடைய சட்டையையும் நனைத்தது. பாட்டில் மாறவில்லை. அதன் தலையில் இருந்த ரப்பர் நிப்பிளும் மாறவில்லை. உள்ளே இருந்தது அம்மாவிடமிருந்து எடுத்த தாய்ப்பால்தான், ஊட்டியவரும் அதே அப்பாதான். ஒரு நாள் சரி என்றும் மறுநாள் மாட்டேன் என்றும் சொல்ல, இன்னும் கவிழ்ந்து படுக்கக்கூடத் தெரியாத ஓர் ஆளுக்கு அப்படி என்ன காரணம் இருக்க முடியும் என்று அவள் அம்மா மண்டையைப் பிய்த்துக்கொண்டாள்.

பிள்ளைக்கு வீட்டில் வால்வு என்று பெயர். வைத்தவர் அப்பா. அவர் தண்ணீர் மோட்டாரும் பம்ப்பும் பழுது பார்க்கிறவர். மாடியில் வீடு, கீழே பட்டறை. "உள்ள போறது திரும்பி வெளிய வரக் கூடாது. அதுக்குப் பேர்தான் ஒருவழி வால்வு" என்று மகள் பிறந்த வாரத்தில் பெருமையாக விளக்கினார். அன்று மாலையே மகள் குடித்ததில் பாதியை அவர் தோளில் திருப்பித் தந்தாள். விளக்கம் பொய்த்துப்போனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

அம்மாவுக்கும் வேலையிடத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: மேலக்கா. அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும் இடத்தில் அவள் டவர் கிரேன் ஓட்டுகிறாள். அந்தக் கிரேனுக்கு ஒரு நெட்டைக் கை, ஒரு குட்டைக் கை. நெட்டைக் கை சரக்கைத் தூக்கும். குட்டைக் கை கான்கிரீட் கட்டிகளைச் சுமந்துகொண்டு மறுபக்கம் தராசுத் தட்டு மாதிரி எடை கொடுக்கும். இரண்டும் சேரும் இடத்தில், கோபுரத்தின் உச்சியில், ஒரு கண்ணாடி அறை. அதுதான் அவள் இருக்கை. ஏணியில் ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டு இடைவேளை வரை இறங்க முடியாது. அவள் இறங்கினால் கீழே கம்பி கட்டுகிறவர்கள், பலகை அடிக்கிறவர்கள், கான்கிரீட் போடுகிறவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வீடோ இரண்டு பஸ் மாறி வர வேண்டிய தூரம். பசிக்கிற பிள்ளைக்கு ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிற வேலை அல்ல அது.

பேறுகால விடுப்பு முடியப்போகிறது. அடுத்த திங்கட்கிழமை அவள் ஏறாவிட்டால் இருக்கை தற்காலிக ஆளுக்கே நிரந்தரமாகிவிடும் என்று சைட் இன்ஜினியர் பக்குவமாகச் சொல்லியிருந்தார். அவளுக்கு வேலை போகாது; கீழே சாமான் அறையில் ஓர் இடம் கிடைக்கும். "அங்கே நிழல் இருக்கும்மா" என்றார். அவளுக்கு நிழல் வேண்டியிருக்கவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து ஒரு லாரி எடையை ஒரு விரல் அசைவில் இறக்கி, கீழே நிற்பவரின் பூட்ஸுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைப்பதில் இருக்கிற சுகம் அவளுக்கு வேறு எதிலும் இல்லை.

ஆகவே பாட்டில். அந்த வீட்டில் அதுதான் சண்டை.

காலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவள் கணவருடைய அக்கா. தபால் பிரிக்கும் கூடத்தில் மதியத்துக்கு மேல் வேலை. வருகிற கடிதத்தை ஒரு பார்வை பார்த்து உரிய பெட்டிக்குள் எறிவது அவள் தொழில். மனிதர்களையும் அப்படியே எறிவாள். நாத்தனார் பொல்லாதவள் அல்ல, வேகமானவள், அவ்வளவுதான்.

"பாட்டிலுக்குப் பழக்கினா பிள்ளை அப்புறம் உன்கிட்டயே வராது" என்றாள் முதல் நாளே. "சிரமப்படாம சொட்டுசொட்டா வாய்க்குள்ள விழுந்தா யார்தான் உழைச்சுக் குடிப்பா?"

"பழக்கலைன்னா அவ சைட்டுக்குப் போற அன்னிக்குப் பட்டினிதானேக்கா" என்றார் தம்பி.

"பசிச்சா தன்னால குடிக்கும்."

"இப்பதானே குடிச்சா வராதுன்னு சொன்னே?"

"ரெண்டும் நடக்கும்டா. பொம்பளைப் பிள்ளை."

பிள்ளையின் அம்மாவுக்கோ இரண்டு பயமும் இருந்தது. குடிக்காவிட்டால் கிரேன் போய்விடும். குடித்துவிட்டால் தன்னை மறந்துவிடுமோ. சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் கேட்டாள். நர்ஸம்மா ஒருத்தியின் கையில் ஊசி போட்டுக்கொண்டே இவளுக்குப் பதில் சொன்னார்: "நேரா பால் குடிச்சு நல்லாப் பழகிருச்சுல்ல? அப்ப பயமில்லை. வேலைக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிங்க. பசி உச்சிக்கு ஏறின பிறகு நீட்டாதீங்க, கோபத்துல புதுசு எதையும் கத்துக்க முடியாது. நீங்க கொடுக்காதீங்க, வேற ஆள் கொடுக்கட்டும். வேண்டாம்னா வற்புறுத்தக் கூடாது. வீட்டுல இருக்கிறப்ப வழக்கம்போல நேரா கொடுங்க." ஊசி போட்டுக்கொண்டவள் தனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினாள்.

வேற ஆள் என்றால் அப்பா. அவர் இதற்காகவே பிறந்தவர்போல இறங்கினார். முதலில் பால் எடுக்கும் கருவியைப் பிரித்தார். "பாத்தியா, இதுவும் பம்ப்தான்" என்று மனைவியிடம் காட்டினார். அதன் வயிற்றில் ஒரு ரப்பர் சவ்வு. அது பின்னால் இழுபட்டால் காற்று குறைகிறது, பால் வருகிறது. முன்னால் வந்தால் சின்னதொரு வால்வு மூடிக்கொள்கிறது, வந்த பால் திரும்பிப் போகாமல் பாட்டிலில் விழுகிறது. "ஆழ்துளைக் கிணத்துக்கும் உனக்கும் ஒரே கணக்கு." இந்த ஒப்பீட்டுக்காக அன்று அவருக்கு இரவுச் சாப்பாடு சற்றுத் தாமதமாகவே வந்தது.

அடுத்து பாட்டில். பிள்ளை உறிஞ்ச உறிஞ்ச உள்ளே இடம் காலியாகிறது. அந்த இடத்தை நிரப்பக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் பாட்டில் பாலைத் தன் பக்கமே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், நிப்பிள் சப்பையாகிவிடும். அதனால் மூடியின் வளையத்தை ஒரு மயிரிழை தளர்த்தினார். செவ்வாய்க்கிழமை மனைவி அறைக்குள் போய் பாலை எடுத்து, இளஞ்சூட்டோடு கதவிடுக்கு வழியாக நீட்ட, அவர் வாங்கி மகளுக்குக் கொடுத்தார். வால்வு குடித்தாள்.

"காத்து" என்றார் அவர், ஒரே சொல்லில், பெரிய கண்டுபிடிப்பாளரைப் போல.

புதன்கிழமை மனைவி உடல்தகுதிச் சான்றுக்காக வெளியே போனாள். ஃபிரிட்ஜில் முந்தின நாளே எடுத்து வைத்த பால் இருந்தது. பால் எடுக்க ஆரம்பித்ததிலிருந்தே அவள் சேமித்துக்கொண்டு வந்தாள். மேலே ஃபிரீசர் முழுக்க உறைந்த பைகள், புத்தகம் அடுக்கினாற்போல. அவர் பாட்டிலை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, வளையத்தை அதே மயிரிழை தளர்த்தி நீட்டினார். வால்வு ஒரு வாய் இழுத்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு நிப்பிளை நாக்கால் வெளியே தள்ளி, பாலையும் அதன் பின்னாலேயே அனுப்பினாள்.

வியாழக்கிழமை அம்மா வீட்டில் இருந்தாள், வால்வு குடித்தாள். வெள்ளிக்கிழமை அம்மா சீருடை வாங்கப் போனாள், வால்வு துப்பினாள்.

வெள்ளிக்கிழமையே நாத்தனார் கடிதத்தை உரிய பெட்டிக்குள் எறிந்துவிட்டாள். "இதுல என்ன புதிர் இருக்கு? அம்மா வீட்டுல இருந்தா குடிக்குது, இல்லைன்னா துப்புது. பார்சல் வந்திருக்கு, அனுப்பினவங்களைக் காணோம். பிள்ளை கையெழுத்துப் போட மாட்டேங்குது."

"அவ அறைக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுத்தானேக்கா இருக்கா? பிள்ளைக்கு எப்படித் தெரியும்?"

"வாசனை. அம்மா வாசனை வீடு பூரா இருக்கும். அவ துணியை எடுத்து நீ போட்டுக்கோ, குடிக்குதா இல்லையா பாரு."

அன்று மாலையே அவள் மறுபடி கடைக்குப் போனபோது அவர் அதையும் செய்தார். துவைக்காத நைட்டி ஒன்றை, நீலத்தில் வெள்ளைப் பூப்போட்டது, பேண்ட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். வால்வு பூக்களைப் பார்த்துச் சிரித்தாள். பாட்டிலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் தோளில் மோட்டாருடன் வந்து நின்றார்.

"மோட்டார் சரி பண்றவரு இருக்காரா?"

"நான்தாங்க."

வந்தவர் நைட்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தோளில் கனத்துக்கொண்டிருந்த மோட்டாரைக்கூட இறக்கவில்லை. "பரவாயில்லைங்க. வீட்டுல வேலையா இருக்கீங்கபோல. நாளைக்கு வரேன்."

"இல்லைங்க, இது ஒரு பரிசோதனை."

"ஆமாங்க" என்றார் அவர், படி இறங்கிக்கொண்டே.

அன்று அவள் வீடு திரும்பியபோது அழுது களைத்த பிள்ளை அவள் மேல் பாய்ந்து குடித்தது. சின்னக் கை அவள் சட்டைப் பொத்தானை இறுக்கிப் பிடித்திருந்தது. அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை பொங்கியது. நான் இல்லாவிட்டால் இவளுக்கு ஆகாது. அந்தப் பெருமை அடங்குவதற்குள் அதன் மறுபக்கம் தெரிந்தது. நான் இல்லாவிட்டால் இவளுக்கு ஆகாதென்றால், மேலே நான் எப்படி ஏறுவது?

"சாமான் அறையும் நல்ல வேலைதானே" என்றார் அவர் மெதுவாக. அதைச் சொல்வதற்கு அவருக்கே பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

சனிக்கிழமை, கை பழகிக்கொள்ள என்று அவளை அரை நாள் சைட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஏணி ஏறினாள். கண்ணாடி அறையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நெம்புகோல்களின் மேல் வைத்ததும் தோள் தானாகத் தளர்ந்தது. கீழே, பொம்மை அளவில், கையாட்டி நின்றுகொண்டிருந்தார். மேலே இருப்பவளுக்குச் சைகை காட்டுவது அவர் வேலை. ஒரு விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு; கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு; ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினால் நிறுத்து; இரண்டு கையையும் விரித்து வீசி ஆட்டினால் ஆபத்து, எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து. சைகை போதாதபோது வாக்கி-டாக்கி.

"மேலக்கா, பாப்பா என்ன சொல்லுது?"

"துப்புது."

"கோபக்காரியா? அப்ப உங்க மகதான், சந்தேகமே வேண்டாம்."

முதல் சரக்கு, கட்டிவைத்த இரும்புப் பலகைகள். எந்தச் சரக்கையும் ஒரேயடியாகத் தூக்கக் கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, நிறுத்தி, பார்க்க வேண்டும். சமமாக நிற்கிறதா, கயிறு வழுக்குகிறதா என்று அந்த ஒரு சாணிலேயே தெரிந்துவிடும். உயர்த்தினாள். கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறக்கினாள்.

கீழே இருந்தவர்கள் கயிற்றையும் அவிழ்க்க ஆரம்பித்தார்கள், பலகைகளையும் உருவ ஆரம்பித்தார்கள்.

"ரெண்டையும் ஒண்ணா மாத்தாதீங்க" என்றாள் அவள் வாக்கி-டாக்கியில். "எதனால சாஞ்சதுன்னு தெரியாமலே போயிரும். முதல்ல கயிறை மட்டும் மாத்திக் கட்டுங்க. பலகை அப்படியே இருக்கட்டும்."

கயிற்றை மாற்றினார்கள். ஒரு சாண் தூக்கினாள். அதே பக்கம் சாய்ந்தது. அப்படியானால் கயிறு குற்றமற்றது. பலகைகளைப் பிரித்துப் பார்த்தபோது, அடியில் ஒன்று மட்டும் தடித்த வேறு ரகம், ஒரு ஓரமாகச் செருகிக் கிடந்தது.

திரும்பி வரும்போது இரண்டாவது பஸ்ஸில், ஜன்னலோரம், அவளுக்குத் திடீரென்று முதுகு நிமிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் நிறுத்தம் வந்துவிட்டதோ என்று எழுந்தே விட்டார். நான் வெளியே போகிற நாளில் ஒன்றா மாறுகிறது? நான் வீட்டில் இல்லை, அது ஒன்று. பால் ஃபிரிட்ஜிலிருந்து வருகிறது, அது இரண்டு. நான் இருக்கிற நாளில் அப்போதே எடுத்த பால். கயிறும் பலகையும் ஒன்றாகவே மாறிக்கொண்டிருக்கின்றன. எல்லோரும் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவரையும் நாத்தனாரையும் உட்கார வைத்துச் சொன்னாள். "ஒரு சாண் தூக்கிப் பார்க்கலாம். இப்ப பால் எடுத்துக் கொடுத்துட்டு நான் வீட்டை விட்டே போயிடறேன். சூடு ஆறறதுக்குள்ள கொடுங்க. மாறறது நான் மட்டும்தான். பால் அதே புதுப்பால்."

"எங்க போவ?"

"எதிர்ல பஸ் நிழற்குடையில உக்காந்திருக்கேன். பால்கனிக்கு வந்து சைகை காட்டுங்க. குடிச்சா ஒரு விரலை மேல காட்டிச் சுத்துங்க. துப்பினா ஒரு கையைப் பக்கத்துல நீட்டுங்க."

"இது எனக்குத் தெரியாதா" என்றார் அவர்.

நிழற்குடையில் அவள் உட்கார்ந்தாள். வந்த பஸ்கள் எல்லாம் அவளுக்காக நின்று, அவள் ஏறாததால் அலுத்துக்கொண்டு போயின. பால்கனிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. அவர் வெளியே வந்தார். இரண்டு கையையும் விரித்து, பலம்கொண்ட மட்டும் வீசி வீசி ஆட்டினார்.

ஆபத்து. எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து.

சாலையை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு சைக்கிள்காரர் அவளைத் திட்டியது மட்டும் முதல் மாடித் திருப்பத்தில் காதில் வந்து சேர்ந்தது. செருப்பு ஒன்று படியிலேயே தங்கிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தாள்.

நாத்தனாரின் மடியில் வால்வு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். தாடையில் ஒரு சொட்டுப் பால். பாட்டில் காலி.

"குடிச்சிட்டா" என்றார் அவர், முகம் முழுக்கச் சிரிப்பாக.

அவளுக்கு மூச்சு வாங்கியது. "அதுக்கு எதுக்கு ரெண்டு கையையும் ஆட்டினீங்க?"

"சந்தோஷத்துல ஒரு கை பத்தல."

கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். மூச்சு ஒழுங்குக்கு வந்தபின் கேட்டாள்: "நான் வீட்டுலயே இல்ல. அப்படியும் குடிச்சாளா?"

"ஒரு சொட்டு மிச்சமில்ல."

"என்னைத் தேடவே இல்லையா?"

"தேடினா" என்றாள் நாத்தனார். "பாட்டிலுக்குப் பின்னாடி ஒரு தடவை எட்டிப் பார்த்தா. அப்புறம் பாட்டில்தான் முக்கியம்னு முடிவு பண்ணிட்டா."

சிரிப்பும் கோபமுமாக அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பதிலுக்காகத்தான் இத்தனை நாள் தவித்தாள். வந்ததும் அதைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ள வேண்டும்போல இருந்தது.

வால்வு விழித்து, மறுபடி பசி எட்டிப் பார்க்கிற நேரத்தில் இரண்டாவது சாண். இப்போது கயிறு பழையது, பலகை மட்டும் மாறும். அம்மாவே மடியில் வைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜில் இருந்த பாலைச் சூடாக்கி, தானே பாட்டிலைப் பிடித்தாள். அம்மாவின் வாசனை, அம்மாவின் முகம், அம்மாவின் கை. வால்வு ஒரு வாய் இழுத்தாள். அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தாள். துப்பினாள்.

"அப்ப அனுப்பினவங்க மேல குத்தமில்லை" என்றாள் நாத்தனார் மெதுவாக. "பார்சல்லதான் ஏதோ."

மூவரும் பாட்டிலைப் பார்த்தார்கள். அவள் தன் கணவரைப் பார்த்தாள். "நீங்க வேலைக்குப் போனா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"தண்ணியைக் குடிச்சுப் பார்ப்பேன். உப்பா, துருவா, சேறான்னு நாக்கு சொல்லிரும். நாக்கு சொன்ன பிறகுதான் ஸ்பேனரையே எடுப்பேன்."

"இதைக் குடிச்சுப் பார்த்தீங்களா?"

அவர் காது சிவந்தது. ஊரில் உள்ள கிணற்றுத் தண்ணீர், தொட்டித் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எல்லாம் குடித்துப் பார்த்தவர், மணிக்கட்டில் சூடு பார்த்தார், வளையம் பார்த்தார், காற்று பார்த்தார். இதை மட்டும் நாக்கில் வைக்கவில்லை. "அது பிள்ளையோடது. நான் எப்படி..."

"பெரிய கூச்சம்" என்றாள் அக்கா. "நைட்டி போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறப்ப எங்க போச்சு?" ஆனால் தம்பி மனைவி நீட்டிய கரண்டியை அவளும் வாங்க மறுத்துவிட்டாள்.

அம்மாவே மூன்று கிண்ணங்களை வரிசையாக வைத்தாள். ஒன்றில் இப்போது எடுத்த பால். அடுத்ததில் நேற்று எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தது. மூன்றாவதில் உறையவைத்து இளக்கியது. முதலாவதைத் தொட்டு நாக்கில் வைத்தாள், லேசான இனிப்பு. இரண்டாவதில் இனிப்புக்குப் பின்னால் ஏதோ ஒன்று ஒளிந்திருந்தது. மூன்றாவதை வாயில் வைத்ததும் முகம் தானாகச் சுளித்தது. வால்வின் அதே சுளிப்பு.

அவர் கரண்டியை வாங்கிக்கொண்டார். தொழில்காரரின் நாக்கு விழித்துக்கொண்டது. கண்ணை மூடி, வாய்க்குள் உருட்டி, "உப்பில்ல. துருவில்ல. புளிக்கவும் இல்ல" என்றார். பிறகு கண்ணைத் திறந்தார். "சோப்பு."

உடனே மூவரின் பார்வையும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போனது. நாத்தனார் தான் நன்றாகத்தான் அலசியதாகச் சொன்னாள், யாரும் கேட்காமலே. அதையும் ஒரு சாண் தூக்கிப் பார்த்தார்கள். அதே பாட்டிலில் புதுப்பாலை ஊற்றி ருசித்தார்கள்; சோப்பு இல்லை. பழைய பாலைச் சோப்பே படாத புது டம்ளரில் ஊற்றி ருசித்தார்கள், சோப்பு. ஆக, கழுவியதில் தவறில்லை. பால் தானாகவே, இருக்க இருக்க, அப்படி ஆகிறது.

நர்ஸம்மா ஞாயிற்றுக்கிழமையிலும் போனை எடுத்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "சிலருக்கு அப்படி இருக்கும்மா. பால்லயே கொழுப்பை உடைக்கிற சத்து ஒண்ணு இருக்கு. பிள்ளைக்குச் சுலபமாச் செரிக்கணும்னு இருக்கிறதுதான். உங்களுக்கு அது கொஞ்சம் சுறுசுறுப்பு ஜாஸ்தி. வெளிய எடுத்து வச்சாலும் சும்மா இருக்காது, வேலையைப் பார்த்துக்கிட்டே இருக்கும். குளிர்ல மெதுவாப் பார்க்கும், அவ்வளவுதான். உடைஞ்ச கொழுப்போட வாசனைதான் அந்த சோப்பு."

"கெட்டுப்போச்சா?"

"கெடல. நிறைய பிள்ளைங்க கண்டுக்காமக் குடிச்சிரும். உங்க பிள்ளைக்கு நாக்கு நீளம்."

"அப்ப ஃபிரிட்ஜ்ல இருக்கிறதைச் சூடு பண்ணிக் கொடுத்தா சரியாயிருமா?"

"சோப்பான பிறகு சூடு பண்ணிப் பிரயோஜனமில்லை. அது முன்னாடியே வேலையை முடிச்சிருச்சு. ஆகறதுக்கு முன்னாடி சூடு பண்ணணும், அப்பதான் அந்தச் சத்து அடங்கும். சூட்டுல பாலோட நல்லதும் கொஞ்சம் குறையும், அதனால எடுத்து வைக்கிறதுக்கு மட்டும் இப்படிச் செய்ங்க. நீங்க வீட்டுல இருக்கிறப்ப நேரா கொடுங்க. பழசைப் புதுப்பால்ல கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து பாருங்க, ஏமாந்தாலும் ஏமாறும்."

"எங்க வால்வு ஏமாற மாட்டா" என்றார் அவர் பக்கத்திலிருந்து. இதில் அவருக்கு என்ன பெருமை என்று யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை அவள் பால் எடுத்து முடித்ததும் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தார்கள். மூவரும் அதைச் சுற்றி நின்றார்கள். சூட்டில் பாலின் நடு அசையாமல் இருக்க, ஓரத்தில் மட்டும் கடுகு கடுகாகக் குமிழ் கட்டியது. "இப்ப" என்றார் அவர். கொதிக்கவிடாமல் இறக்கி, பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தினார். "ஓடுற மோட்டாரை நிறுத்தற மாதிரிதான். சுவிட்சு அணைச்சாச்சு. இனி சும்மா கிடக்கும்." நாத்தனார் ஆறிய பாலைச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள். உறைந்த பைகளை ஃபிரீசரின் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டாள். "முகவரி மாறினது எல்லாம் இந்தப் பக்கம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை பிள்ளைக்கு நேராகப் பால் கொடுத்துவிட்டு அவள் கிளம்பினாள். ஏணி ஏறினாள். சரக்குகள் வந்தன, போயின. ஒவ்வொன்றையும் ஒரு சாண் தூக்கி, நிறுத்தி, பார்த்து, பிறகு மேலே எடுத்தாள். கண் மட்டும் அடிக்கடி கீழே கையாட்டியின் சட்டைப் பைக்குப் போனது. அவர் போன் அதில்தான் இருந்தது. வீட்டிலிருந்து அதற்குத்தான் பேசுவதாக ஏற்பாடு. கிரேன் ஓட்டுகிறவள் போன் எடுக்கக் கூடாது.

வெயில் ஏறிய பிறகு அவர் போனைக் காதில் வைத்தார். தலையை ஆட்டினார். போனைப் பையில் போட்டார். மேலே பார்த்தார். கொக்கியில் அப்போது சரக்கில்லை. அவர் அதை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு, எந்தக் கிரேன் பாடத்திலும் இல்லாத ஒரு சைகை காட்டினார்: கட்டைவிரலை வாயில் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, கையைக் கவிழ்த்துக் காலி என்று காட்டினார்.

சாப்பாட்டு இடைவேளையில் அவள் இறங்கி, முதலுதவி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுத்தாள். நேராக சைட்டின் டீ அடுப்புக்குப் போனாள். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்னப் பாத்திரம்.

"ஒரு நிமிஷம் அடுப்பு வேணும்" என்றாள் டீக்காரம்மாவிடம். "ஆனா இதை உங்க பாலோட கலந்துடாதீங்க. கையாட்டி என்னை அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சுடுவாரு."

டீக்காரம்மா அடுப்பை விட்டு நகர்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். "எதுக்கு இது?"

அவள் சொன்னாள். எடுத்த பாலை அப்படியே வைத்தால் நேரம் ஆக ஆகச் சோப்பு ருசி வந்து பிள்ளை துப்புகிறது. எடுத்த உடனே, ஓரத்தில் சின்னக் குமிழ் கட்டும் வரை மட்டும் சூடாக்கி, கொதிக்கும் முன் இறக்கி, குளிர்ந்த தண்ணீரில் சீக்கிரமாக ஆற்றி, மூடி, குளிரில் வைத்தால் மறுநாளும் பால் பாலாகவே இருக்கிறது, பிள்ளை குடிக்கிறது.